எடுத்திருக்கக் கூடும்

பேருந்தில் ஏறும்போது ஓட்டுநரிடம் புவேனாஸ் தார்தேஸ் என்றேன், அவரும் சாலையைப் பார்த்தபடியே திருப்பிச் சொன்னார். செப்டம்பரில் இந்த ஒரு மாலை வணக்கத்தைச் சொல்ல நிறுத்தத்தில் நின்று நாலு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். இப்போது இருமல் மாதிரி தானாக வருகிறது, அப்படி வருவதுதான் இன்றைக்கு எரிச்சலாக இருக்கிறது. பின்னாலிருந்து மூன்றாவது இருக்கை, ஜன்னல் ஓரம், கண்ணாடி முழுக்க மூடுபனி, உள்ளே சூடு போட்டிருப்பதால் எல்லோருடைய கம்பளிக் கோட்டிலிருந்தும் நனைந்த நாய் வாசம். மடியில் பை. பைக்குள் நஜாத்தின் வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி, நீலக் கட்டம் போட்ட மேலங்கி ஒன்று, கைக்குத் தடவுகிற களிம்பு ஒரு டப்பா. நஜாத் நாங்கள் தங்கியிருக்கும் வீட்டைப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த மொராக்கோ நாட்டு அம்மாள், என் மனசுக்குள் நஜாத்க்கா. டிசம்பர் முதல் வாரத்தில் அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்ன அனுப்பினார்கள், அனுப்பினோம். இல்லை, அதுவும் சரியில்லை. நாளைக் கழித்து மறுநாள் மத்ரித் விமான நிலையம், அங்கிருந்து சென்னை, அங்கிருந்து ராஜபாளையம், அம்மா தபால் ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பாள், என் மக ஸ்பெயின்ல ஒரு செமஸ்டர் படிச்சுட்டு வாரா, ஸ்பானிஷ் பொளந்து கட்டுறாளாம். அதற்கு முன்னால் இந்த ஒரு அரை மணி நேரப் பேருந்து. பஹரீயோஸ் என்ற பேட்டைக்கு. சிட்டுகள் என்று அர்த்தம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நான்கு மாதமாக இந்த வல்லாதோலித் நகரத்தில் இருக்கிறேன், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. செவில்லா போனேன், கிரனாதா போனேன், கடல் பார்க்க லிஸ்பன் வரைக்கும் போனேன்.

என்ன சொல்லப் போகிறேன். மன்னிப்புக் கேட்க லோ சியெந்தோ என்று தொடங்கலாம். அதை நான் உணர்கிறேன் என்று நேர் அர்த்தம், எதை, அவருடைய வலியையா, உணர்கிறேனா நான்? பெர்தோன் என்றால் பேருந்தில் காலை மிதித்தால் சொல்வது. தமிழில் யோசித்தால் இன்னும் மோசம், மன்னிச்சிருங்க என்று எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை, சாரி என்போம், அதுவும் தட்டு கை தவறினால். பெரிய தப்புக்கு, தப்பு நடந்துபோச்சு என்போம். தப்புக்குக் கால் முளைத்து அதுவாக நடந்து போன மாதிரி. நாங்கள் தவறாக நினைத்துவிட்டோம் என்று சொல்லலாம். நாங்கள். அந்த வாக்கியத்தை நேற்றிலிருந்து செதுக்கிக்கொண்டிருக்கிறேன், இறந்தகாலம் சரி, வினை சரி, நாங்கள் என்ற சொல்லில் மட்டும் இடறுகிறேன். நாங்கள் என்றால் நானும் ரித்விகாவும். ரித்விகா இப்போது வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள், கடையில் வாங்கின விசிறிகளைத் துணிக்கு நடுவில் வைத்து. அவளிடம் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. நூலகத்துக்குப் புத்தகம் திருப்பிக் கொடுக்க என்று சொன்னேன். பொய் எனக்கு இப்போது எந்த மொழியிலும் தடுக்குவதில்லை.

ரித்விகா அண்ணா நகர், என்னுடைய வகுப்பு, எங்கள் கல்லூரியிலிருந்து இந்த செமஸ்டருக்கு வந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவள் ஊர் சுற்ற வந்தாள், அதை ஒளிக்கவும் இல்லை. "நீ படிடி தாட்சா, நீ படிச்சா போதும், எனக்கு வாய் நீதானே" என்பாள், கழுத்தைக் கட்டிக்கொண்டு. தாட்சாயணி என்ற பேரை இங்கே யாராலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் எல்லோருக்கும் வாய் நான்தான். பயணச்சீட்டா, மருந்துக் கடையா, வெந்நீர் வரவில்லை என்று வீட்டுக்காரம்மாவிடம் முறையிடுவதா, தாட்சா. எனக்கு அது பிடித்திருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது, நெஞ்சு விம்மும் அளவுக்குப் பிடித்திருந்தது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவர் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்புவார். சென்னையில் அவள் காரில் வருவாள், நான் விடுதிச் சோறு, இங்கே அவள் ஒரு தண்ணீர் பாட்டில் கேட்பதற்கும் என் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் பார்த்தலை நான் தேன் மாதிரி நக்கினேன். மொழிபெயர்ப்பாளராக வேண்டும், ஒரு நாள் பெரிய மேசையில் இரண்டு நாட்டுக்காரர்களுக்கு நடுவில் உட்கார வேண்டும் என்று பிளஸ் டூவிலிருந்து ஆசை, அதற்காகத்தான் கல்லூரியில் எல்லோரும் பிரெஞ்சு எடுத்தபோது நான் ஸ்பானிஷ் எடுத்தேன், அதற்காகத்தான் இங்கே வந்தேன். பெரிய மேசை கிடைக்கத்தான் செய்தது. போலீஸ் நிலையத்து மேசை.

வீட்டுக்காரம்மாவின் பேர் பூரி. மரியாதைக்குத் தோன்யா பூரி. உண்மையில் நீளமான பேர், சுருக்கினால் பூரி, முதல் நாள் நானும் ரித்விகாவும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தோம், பூரி வந்தாச்சு, கிழங்கு எங்கே என்று. கணவர் இல்லை, வெளிநாட்டு மாணவிகளுக்கு இரண்டு அறை விடுகிறார், கண்டிப்பு, ஆனால் கெட்டவர் இல்லை, எனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப் வைத்துக் கொடுத்தார். செவ்வாயும் வெள்ளியும் நஜாத் வருவார். கதவுக்கு உள்ளே வந்ததும் வெளிச் செருப்பைக் கழற்றி இந்த வீட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார். ஒன்பது வருஷமாக ஸ்பெயினில் இருக்கிறார், அவர் ஸ்பானிஷ் என்னுடையதைவிட மோசம். அதை முதல் வாரமே கவனித்தேன், கவனித்துச் சந்தோஷப்பட்டேன். வினையை மாற்றவே மாட்டார், நான் வருவது, நீ சாப்பிடுவது, நாளை மழை இருப்பது என்று பேசுவார். ஒருமுறை எனக்குத் துவைத்த துணி எடுத்துக் கொடுத்தபோது நான் உஸ்தேத் போட்டு நன்றி சொன்னேன், நம்முடைய நீங்கள் மாதிரி அது, தோன்யா பூரி அவரை நீ போட்டுத்தான் கூப்பிடுவார், ரித்விகாவும் அப்படித்தான், நான் மட்டும் நீங்கள். நஜாத் சிரித்தார். முன்பல் ஒன்று வெள்ளி கட்டினது. "நீ பள்ளி பேசுவது" என்றார். பள்ளிக்கூடத்து மொழி பேசுகிறாய் என்று. அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பேருந்து நிற்கிறது, பூங்கா நிறுத்தம். இந்தப் பூங்காவில் மயில்கள் உண்டு, நம்ப முடியாது, பனிக்காலத்திலும் நடைபாதையில் நடந்துகொண்டிருக்கும், வந்த புதிதில் அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன், இங்கயும் மயிலாடி என்று பேசிப் பதிவு செய்து அனுப்பினாள். இப்போது பனியில் ஒன்றும் தெரியவில்லை. ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிய பெரியவர் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, பனி, என்றார். ஆமாம், கண்ணே தெரியவில்லை, என்றேன். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய் மகளே என்றார். நான்கு மாதம் என்றேன். நான்கு மாதத்தில் இப்படிப் பேசுகிறாயா, கே பியேன் ஆப்லாஸ், என்ன அழகாகப் பேசுகிறாய்! அந்த மூன்று சொல்லும் அப்படியே, அந்தப் போலீஸ்காரர் சொன்னது. பெரியவர் நல்ல மனசில்தான் சொல்கிறார், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், மரியாதை கெட்டவள் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும், யாராவது என்னை ஏதாவது ஒன்றுக்காவது கெட்டவள் என்று நினைத்தால் நல்லது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் வகுப்பு விட்டு வந்ததும் ரித்விகா கட்டிலைப் புரட்டிப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். தங்கக் கைச்சங்கிலி, மெல்லிசு, விமான நிலையத்தில் அவளுடைய அம்மா தன் கையிலிருந்து கழற்றி மாட்டி விட்டது. "காணாமப் போச்சுடி" என்றாள். காணாமல் போச்சு. அதுவாகப் போச்சு. அப்போது யாரும் எடுக்கவில்லை, வாக்கியத்தில் யாருமே இல்லை. நான்தான் கேட்டேன், காலையில் எங்கே வைத்தாய், கழற்றினாயா, கழற்றிய மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு என்றாள். பிறகு அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள், போனில் அவள் அம்மா முதல் கேள்வியாக, ரூமுக்குள்ள யாருடீ வந்து போறது என்றாள். அந்தக் கேள்விக்குப் பிறகு எல்லாம் வேகம். சமையலறையில் நஜாத் மேலங்கியை அவிழ்த்துக்கொண்டிருந்தார், தோன்யா பூரி பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார், ரித்விகா என்னை முன்னால் தள்ளி, "கேளுடி அவகிட்ட, நீதானே ரூம் கூட்டுன, பாத்தியான்னு கேளு" என்றாள். அவள் நீ என்றாள், நான் அதை நீங்கள் ஆக்கினேன். நீங்கள் இன்று அறையைச் சுத்தம் செய்தபோது ஒரு தங்கச் சங்கிலி உங்கள் கண்ணில் பட்டதா. மரியாதையாகத்தான் கேட்டேன். அவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்தான் அவருக்குப் பாதி புரியவில்லை. சங்கிலி என்ற சொல் புரிந்தது. தோன்யா பூரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு முழுக்கப் புரிந்தது. யோ நோ, என்றார். நான் இல்லை. யோ நோ, யோ நோ. கைப்பையை எடுத்து மேசைமேல் தலைகீழாகக் கொட்டினார், பேருந்து அட்டை, சாவி, ஒரு ஆரஞ்சு, மாத்திரை. யாரும் கேட்கவில்லை, அவராகவே கொட்டினார். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு.

பேச்சியம்மாள். எனக்கு எட்டு வயது இருக்கும். அம்மாவின் மூக்குத்தி காணாமல் போய், பாத்திரம் துலக்க வந்த பேச்சியம்மாளின் ஒயர் கூடையை அம்மாவே கையை விட்டுத் துழாவினாள், நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூடையில் ஒரு வாழைப்பழமும் வெற்றிலையும். நாலு நாள் கழித்துக் குளியலறைச் சாக்கடை வாயில், முடிக் கத்தைக்குள் மூக்குத்தி. அம்மா கழுவி மாட்டிக்கொண்டாள். "கெடச்சிருச்சுன்னு அவகிட்ட போய்ச் சொல்லிக்கிட்டு இருக்காத" என்றாள் என்னிடம். பொங்கலுக்கு அந்த வருஷம் மட்டும் நல்ல சேலை, பேச்சியம்மாள் பிரித்துப் பார்த்து, "கலர் நல்லாருக்கு மதனி" என்றாள். அம்மாவின் மூக்கில் மூக்குத்தி மின்னிக்கொண்டிருந்தது, பேச்சியம்மாள் அதைப் பார்த்தாளா இல்லையா, பார்க்காமல் எப்படி இருக்கும். எனக்குத் தெரியாமல் இல்லை. இது எப்படிப் போகும், எங்கே போய் முடியும், கிடைத்தால் என்ன செய்வார்கள் எல்லாம் எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். தெரிந்துகொண்டேதான் மறுநாள் காலை போலீஸ் நிலையத்துக்கு ரித்விகாவோடு போனேன், தோன்யா பூரியும் கூட வந்தார், நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு.

அங்கே இளவயதுப் போலீஸ்காரர், இரண்டு விரலால் தட்டச்சு செய்கிறவர். தொலைந்ததா, திருடுபோனதா என்று கேட்டார். பெர்தீதா, ரொபாதா. தொலைந்தது என்றால் ஒரு தாள், திருடு என்றால் வேறொரு தாள். நான் ரித்விகாவிடம் கேட்டேன். "திருட்டுன்னே சொல்லுடி, அம்மா அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க." சொன்னேன். யார் மேலாவது சந்தேகம் உண்டா. ரித்விகா, "அந்தப் பொம்பளதான், வேற யாரு" என்றாள், பொட்டென்று, தமிழில். அதை நான் அப்படியே சொல்லியிருந்தால்கூட, ஒரு கோபக்காரப் பெண்ணின் உளறல் என்று அவர் சிரித்திருப்பார். அப்படியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அழகில்லை. சென்னையில் எங்களுக்கு அந்தப் பாடம் நடத்தியபோது வகுப்பே சிரிக்கும், சந்தேகத்துக்கும் சாத்தியத்துக்கும் வருகிற ஒரு துணைவினை, வாயில் சொன்னால் ஆயா என்றுதான் கேட்கும், ஆயா, ஆயாஸ், ஆயா, ஆயாமோஸ், பின் பெஞ்சிலிருந்து யாராவது பால்வாடி ஆயா என்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். எனக்கு அது வரவே வராது. பேசும்போது எப்போதும் அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போய்விடுவேன். அன்றைக்கு வந்தது. யோசிக்கவே இல்லை, தண்ணீர் மாதிரி வந்தது. எஸ் பொசீப்ளே கே லா ஆயா கொஹீதோ லா சென்யோரா தே லா லிம்பியேசா. சுத்தம் செய்யும் அம்மாள் அதை எடுத்திருக்கக் கூடும். சொல்லி முடித்த கணத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது, ஒரு குதியாட்டம், வந்துவிட்டது, சரியாக வந்துவிட்டது, பேராசிரியர் பெயாத்ரீஸ் இதைக் கேட்டிருக்க வேண்டும். போலீஸ்காரர் விரலை நிறுத்தி நிமிர்ந்து, கே பியேன் ஆப்லாஸ் என்றார். நான் சிரித்தேன். வெட்கப்பட்டுச் சிரித்தேன். பிறகு அவர் நஜாத்தின் முழுப் பேரைக் கேட்டார், தோன்யா பூரி எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

சுரங்கப் பாதைக்குள் பேருந்து இறங்குகிறது, மேலே ரயில் பாதை, ஒரு நொடி இருட்டு, கண்ணாடியில் என் முகம், அதன் மேல் பெரியவரின் ரொட்டி. அந்தப் பக்கம் ஏறினதும் பனி கொஞ்சம் கலைந்திருக்கிறது, செங்கல் அடுக்குமாடிகள், மாடிக்கு மாடி துணி காய்கிறது, இந்தக் குளிரில் எப்படிக் காயும். அன்றைக்கே நஜாத்தை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், போலீஸ் ஒருமுறை அவரைக் கூப்பிட்டு விசாரித்தது, அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, செவ்வாயும் வெள்ளியும் வேறொரு பெண் வந்தாள். அப்புறம் விடுமுறை. செவில்லாவில் ஜனவரி மூன்றாம் தேதி, தெருவெல்லாம் ஆரஞ்சு மரம், மரமெல்லாம் பழம், விடுதிக் கதவுக்கு முன்னால் நின்று ரித்விகா கோட்டுப் பையில் சாவி தேடினாள். பழைய துணிக் கடையில் வாங்கின கோட்டு, பையின் அடி கிழிந்து விரல் உள்துணிக்குள் போய்விட்டது. "ஏய், ஏய், ஏய் தாட்சா! கெடச்சிருச்சுடி!" சங்கிலியை முத்தமிட்டாள், குதித்தாள், நானும் குதித்தேன். முதலில் குதித்தேன். அதுதான் நடந்தது, மாற்ற முடியாது. அவள் படம் எடுத்து எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டாள், கையும் சங்கிலியும் ஆரஞ்சு மரமும். அதற்கு அப்புறம்தான் நான், "அப்ப நஜாத்?" என்றேன். "யாரு?" என்றாள். நடிக்கவில்லை, உண்மையிலேயே பேர் மறந்திருந்தது. சொன்னதும், "இப்பப் போய்ச் சொன்னா பொய்ப் புகாருன்னு நம்மளைத்தான்டி புடிப்பாங்க, விசாவுல கை வெச்சா என்ன பண்ணுவ? எழுதிக் குடுத்ததுல உன் கையெழுத்தும் இருக்கு, மறந்துராத" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது எனக்கு. கிரனாதா போனோம். கோர்தோபா போனோம். பனி மலையை நின்று பார்த்தேன். திரும்பி வந்து தேர்வு எழுதினேன், வாய்மொழித் தேர்வில் வகுப்பில் முதல் மதிப்பெண். பதினோரு நாள்.

இன்று காலையில்தான் தோன்யா பூரியிடம் சொன்னேன், ரித்விகா குளித்துக்கொண்டிருக்கும்போது, மெதுவாக. சங்கிலி கிடைத்துவிட்டது, கோட்டுக்குள் இருந்திருக்கிறது. அவர் காப்பிக் கோப்பையை வைத்தார். அட கடவுளே என்றார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு, குளியலறைக் கண்ணாடியைத் துடைத்தால் நஜாத் எப்போதும் கோடு விட்டுவிடுவாள், என்றார். எப்படியும் நான் ஆளை மாற்றத்தான் இருந்தேன், மகளே, நீ இதில் மேலும் தலையைக் கொடுக்காதே. சொல்லிவிட்டு எழுந்து போய் அலமாரியிலிருந்து இந்தப் பொருள்களைக் கொண்டுவந்தார், தூக்கிப் போட இருந்ததாகவும், வேண்டுமானால் நான் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றும் சொல்லி, ஒரு தாளில் முகவரி எழுதித் தந்தார். வேண்டுமானால்.

இறங்கினேன். மின்தூக்கி இல்லாத கட்டடம், மூன்றாம் மாடி, படியெல்லாம் வறுத்த மிளகாய் நெடி, யார் வீட்டிலோ தொலைக்காட்சி. ஒவ்வொரு படியிலும் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே ஏறினேன், நாங்கள் தவறாக நினைத்துவிட்டோம், உங்களுக்குச் செய்த தீங்குக்கு. மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தது நஜாத் இல்லை, என் வயதுப் பெண், பல்பொருள் அங்காடிச் சீருடை, கழுத்தில் பேர் அட்டை, சுகைனா. ஈரக் கூந்தலைத் துண்டால் பிழிந்துகொண்டே பையைப் பார்த்தாள், அதில் துருத்திக்கொண்டிருந்த செருப்பைப் பார்த்தாள். "நீதான் அந்த ஸ்பானிஷ் பேசுகிற இந்தியப் பெண்ணா?" என்றாள். அவளுடைய ஸ்பானிஷ் இந்த ஊர்க்காரர்களுடையது, பிறந்ததிலிருந்து பேசுவது போல. ஆமாம் என்றேன். "அம்மா சொன்னாள். ஒருத்தி வானொலி மாதிரிப் பேசினாள், எனக்குப் பதில் சொல்ல வார்த்தை வரவில்லை என்று." அம்மா இருக்கிறாரா என்றேன். இல்லை, ஊருக்கு வெளியே கோழி வெட்டுகிற ஆலையில் வேலை, விடிவதற்கு முன்னால் போய் ஏழு மணிக்கு வருவாள், என்ன விஷயமோ என்னிடம் சொல். உள்ளே கூப்பிடவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் செதுக்கின வாக்கியத்தில் ஒன்றுகூட வரவில்லை. "கிடைத்துவிட்டது" என்றேன். "சங்கிலி. யாரும் எடுக்கவில்லை. கோட்டு உள்துணிக்குள் இருந்தது."

அவள் துண்டைக் கீழே விட்டாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள், அழுகிறாளா என்று தெரியவில்லை. மார்ச்சில் அம்மாவுடைய குடியிருப்பு அனுமதித் தாள் புதுப்பிக்க வேண்டும், என்றாள் கைக்குள்ளிருந்தே, வழக்கறிஞர் சொன்னார், இந்தப் புகார் கோப்பில் கிடக்கும், கேள்வி கேட்பார்கள், ஒன்றரை மாதமாக அம்மா தூங்கவில்லை. பிறகு நிமிர்ந்தாள். "எப்போது கிடைத்தது?" என்றாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன், எங்கே, எப்படி, யார் சொல்லி, எதனால், இதைத் தவிர. பதினோரு நாள் என்று சொல்ல வேண்டும், கடினமான சொல் இல்லை, எண்கள் முதல் மாதப் பாடம். அந்தப் பதினோரு நாளும் வரிசையாக வந்தன, கிரனாதாவின் அரண்மனைத் தோட்டம், கோர்தோபாவில் சாப்பிட்ட கத்தரிக்காய், தேர்வு அறையில் பேராசிரியரின் சிரிப்பு. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோபம் இல்லை, சும்மா கேட்கிறாள், கண் ஓரம் ஈரம். "அயேர்" என்றேன். நேற்று.

"நேற்றா? நேற்றுக் கிடைத்து இன்றைக்கே வந்தாயா?" எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய ஈரக் கூந்தல் என் கன்னத்தில் ஒட்டியது. உள்ளே வா, வா, என்று இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள், செருப்புப் பையை மேசைமேலேயே வைத்தாள், அம்மாவுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை, கையுறை போட்டிருப்பாள் என்றாள். நீ எழுதித் தருவாயா, வழக்கறிஞரிடம் காட்ட. கோடு போட்ட நோட்டு, நீலப் பேனா. எழுதினேன். கீழே கையொப்பமிடும் நான், இன்ன பேர், இன்ன கடவுச்சீட்டு எண், மேற்படி நகை ஜனவரி 13ஆம் தேதி கண்டெடுக்கப்பட்டது என்று. ஜனவரி மூன்றாம் தேதி ரித்விகா போட்ட படம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஒரே ஒரு ஆள் பார்த்தால் போதும், இந்தத் தாள் குப்பை, குப்பையைவிட மோசம், இதைக் காட்டுகிற நஜாத்தையும் சேர்த்துப் பொய்யாக்கிவிடும். தெரியும். எழுதும்போதே தெரியும். முன்னால் ஒரு ஒன்று போட்டேனே, அதை அடித்துவிடலாம், அடித்துவிட்டால் போதும், மூன்றாகிவிடும், உண்மையாகிவிடும். பேனா அங்கேயே நின்றது. அவள் தேநீருக்குப் புதினா கழுவிக்கொண்டே, "உன்னைப் போல ஒருத்தி வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை" என்றாள். கையெழுத்துப் போட்டேன்.

அப்போது போன் அடித்தது. சுகைனா எடுத்து அரபியில் படபடவென்று சொன்னாள், சொல்லச் சொல்ல அவள் குரல் உடைந்தது, என் பேர் வந்தது, பிறகு போனை என் காதில் வைத்தாள். பின்னால் இயந்திரச் சத்தம், யாரோ கத்துகிறார்கள், தண்ணீர் பீய்ச்சுகிற ஓசை. நஜாத் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "நான் பார்ப்பது," என்றார், "தூசி உறிஞ்சும் இயந்திரம், பை, மூன்று முறை நான் பார்ப்பது, கையால். நான் நினைப்பது, இயந்திரம் தின்பது, நான் குற்றம்." மூக்கை உறிஞ்சினார். "நன்றி, மகளே. நீ வருவது. நீ நல்லது." அழுகிறார் என்று புரிந்தது. சுகைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். தே நாதா, என்றேன். பரவாயில்லை என்று அர்த்தம். அவருக்குக் கேட்கவில்லை போல, என்ன, என்ன என்றார். இன்னொரு முறை, சத்தமாக, தே நாதா என்றேன்.